டி-ஹேங்கருக்குள் செஸ்னா 170பி-யை ஒற்றை ஆளாக ஏற்றுவது: வாசல் மேட்டில் நின்றுவிடுகிறது

பின்சக்கரம்170:

விமானம் 1953 செஸ்னா 170பி. டெயில்வீல் (வால் சக்கரம்) ஸ்காட் 3200, மெயின் (முன்னால் இருக்கும் இரண்டு பெரிய சக்கரம்) டயர் 6.00-6. இடம் ஒஹையோவில் ஒரு சின்ன கவுண்டி ஏர்போர்ட், வரிசையாகக் கட்டின டி-ஹேங்கர்களில் (‘T’ வடிவ விமானக் கொட்டகை) ஒன்று. பைஃபோல்ட் கதவு (நடுவில் மடிந்து மேலே எழுவது), திறந்தால் 41 அடி 6 அங்குலம். இறக்கை 36 அடி. உள்ளே வால் போகும் பகுதி குறுகல் என்பதால் வாலை முதலில் விட்டுப் பின்னோக்கித்தான் ஏற்ற முடியும்.

சிக்கல் இதுதான். வெளியே ஆஸ்பால்ட் தளம் மழைநீர் வடிய ஹேங்கரிலிருந்து விலகிச் சரிகிறது, ஏறக்குறைய 2 சதவீதம். உள்ளே கான்கிரீட் தளம் ஆஸ்பால்ட்டைவிட ஒரு அங்குலம் உயரம், விளிம்பு மழுங்காமல் செங்குத்தாக நிற்கிறது. வாசல் வரை ஒருவனாகத் தள்ளிவிட முடிகிறது. மேட்டில் மெயின் சக்கரம் முட்டியதும் நின்றுவிடும். தம் கட்டித் தள்ளினால் ஒரு சக்கரம் மட்டும் ஏறி வால் பக்கவாட்டில் போய்விடுகிறது. வார நாட்களில் உதவிக்கு அங்கே ஒரு ஆளும் இருப்பதில்லை.

மூன்று கேள்விகள்:
வின்ச் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் கருவி) நல்லதா, பேட்டரியில் ஓடும் டக் (சின்ன இழுவண்டி) நல்லதா?
கயிற்றை விமானத்தில் எங்கே மாட்டுவது?
இறக்கை நுனி, எலிவேட்டர் (கிடைவாலின் அசையும் பின்பகுதி) எதுவும் இடிக்காமல் நேராக உள்ளே போக என்ன வழி?

---

கான்கிரீட்காரன்:

சாமான் வாங்கும் முன் கணக்குப் போடுங்கள். உங்களுக்கு இருப்பது பலக் குறைவு இல்லை, அந்த ஒரு அங்குலம்.

170பி-யின் வெறும் எடை புத்தகப்படி 1,200 பவுண்டுக்குக் கொஞ்சம் மேல். எழுபது வருஷத்தில் ரேடியோ, சீட், பெயின்ட் என்று சேர்ந்து இன்று பறப்பவை பெரும்பாலும் அதைவிடக் கனம். டேங்க் இரண்டும் நிறைந்தால் 42 கேலன், கேலனுக்கு 6 பவுண்டு வீதம் இன்னும் 252. அரை டேங்க்கோடு மொத்தம் 1,400 என்று வைத்துக்கொள்வோம்.

காற்று சரியாக இருக்கும் டயர் கெட்டித் தரையில் உருள எடையில் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் விசை போதும்: 28 பவுண்டு. 2 சதவீத மேட்டில் ஏற்ற இன்னொரு 28. ஆக 56 பவுண்டு. இது ஒரு ஆள் தள்ளக்கூடியதே, வாசல் வரை நீங்கள் தள்ளுவதும் இதைத்தான்.

இப்போது வாசல். சக்கரத்தின் ஆரம் சுமார் எட்டரை அங்குலம். ஒரு அங்குலப் படியில் முட்டி நிற்கும் சக்கரத்தை அச்சின் உயரத்தில் கிடையாக இழுத்து ஏற்ற, அந்தச் சக்கரம் தாங்கும் எடையில் 53 சதவீதம் விசை வேண்டும். மெயின் சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து 1,280 பவுண்டு தாங்குகின்றன என்றால் 680 பவுண்டு இழுவை! டயர் நசுங்கிக்கொடுக்கும், ஓடிவரும் வேகமும் உதவும், அதனால் நிஜத்தில் இதைவிடக் குறையும். ஆனாலும் 56-க்கும் 680-க்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. அரை அங்குலப் படிக்கே 36 சதவீதம், கால் அங்குலத்துக்கு 25 சதவீதம். "கொஞ்சம்தானே உயரம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வால் பக்கவாட்டில் போவதற்கும் காரணம் இதுதான். இரண்டு சக்கரமும் ஒரே நொடியில் மேட்டைத் தொடுவதில்லை. முதலில் தொட்டது நின்றுவிடும், மற்றது நகரும், விமானம் நின்ற சக்கரத்தைச் சுற்றித் திரும்பும். நீங்கள் ஒரு பக்க ஸ்ட்ரட்டில் (இறக்கையைத் தாங்கும் சாய்ந்த தண்டு) தள்ளினால் இது இன்னும் மோசமாகும்.

ஆகவே முதல் வேலை சாய்தளம். ஒரு அங்குல உயரத்தை 12 அங்குல நீளத்தில் ஏறினால் சரிவு 8 சதவீதம், மெயின்களுக்கு 107 பவுண்டு. 24 அங்குலத்தில் ஏறினால் 4 சதவீதம், 53 பவுண்டு. 24-ஐ எடுங்கள். உருள் தடையும் வெளிச் சரிவும் சேர்ந்தாலும் 110-ஐத் தாண்டாது.

எதில் செய்வது? மெல்லிய சிமென்ட் பூச்சு வேண்டாம். நுனி பூஜ்யத்துக்குத் தேயும் இடத்தில் அது பொரிந்து உதிரும், உதிர்ந்த சரளை புரொப்பெல்லரில் அடிக்கும். குளிர் தார்க் கலவை கோடை வெயிலில் டயர் அழுத்தி பள்ளமாகும். சக்கர நாற்காலிக்கு வாசலில் போடுவார்களே, அந்த ரப்பர் சாய்தளம் சிறந்தது. அல்லது மருந்தேற்றின மரத்தை ஆப்பு வடிவில் இழைத்து மேலே சொரசொரப்பான அலுமினியத் தகடு அடிக்கலாம். மூன்று துண்டு: மெயின்களுக்கு இரண்டு, டெயில்வீலுக்கு நடுவில் ஒன்று. ஒவ்வொன்றும் 18 அங்குல அகலம் இருக்கட்டும், நான்கைந்து அங்குலம் விலகினாலும் சக்கரம் விளிம்பில் விழாது.

பைஃபோல்ட் கதவின் அடியில் ரப்பர் பட்டை இருக்கும். சாய்தளம் அந்தக் கோட்டுக்கு வெளியே முடிய வேண்டும், இல்லாவிட்டால் கதவு முழுசாக மூடாது. வாசல் முழுக்க ஒரே நீளமாகப் போட்டால் தண்ணீர் தேங்கி உள்ளே வரும், துண்டுகளுக்கு இடையில் வழி விடுங்கள். ஒஹையோவில் பனி தள்ளும் வண்டி வரும். அதன் பிளேடு சாய்தளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விடும், குளிர்காலத்தில் எடுத்து உள்ளே வைக்கும்படி செய்யுங்கள்.

டயர் காற்றையும் பாருங்கள். காற்று இறங்கிய டயரில் 28 பவுண்டு சுலபமாக இரட்டிப்பாகும்.

---

ரிவெட்:

மேலே சொன்ன கணக்கு சரி. நான் கை வைக்கும் இடங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். விமானத்துக்கு ஹேங்கரில் வரும் சேதத்தில் ஒரு பகுதி தள்ளக்கூடாத இடத்தில் தள்ளுவதால் வருவது.

தள்ளலாம்: இறக்கை ஸ்ட்ரட்டின் கீழ்முனை, உடம்போடு சேரும் இடத்தை ஒட்டி. மெயின் கியர் காலின் மேல்பகுதி. அவ்வளவுதான். ஸ்ட்ரட்டின் நடுவில் தள்ளாதீர்கள், அது இழுவிசைக்குக் கட்டினது, பக்கவாட்டில் வளைப்பதற்கு இல்லை.

தள்ளக்கூடாது: எலிவேட்டர், ரடர் (செங்குத்து வாலின் அசையும் பகுதி), எய்லரான் (இறக்கையின் அசையும் பகுதி) இவற்றின் பின்விளிம்பு. கிடைவாலின் முன்விளிம்பு. இறக்கை நுனி. ஸ்பின்னர் (புரொப்பெல்லர் நடுவில் இருக்கும் கூம்பு). எஞ்சின் கவுலின் (உறையின்) மூக்கு. பின்விளிம்பில் கட்டைவிரல் அளவு மடிப்பு விழுந்தாலும் மெக்கானிக் பார்க்காமல் பறக்கக்கூடாது. கன்ட்ரோல் பரப்பில் ஒட்டுப் போட்டால் பேலன்ஸ் மாறும், பேலன்ஸ் மாறினால் வேகத்தில் அதிரத் தொடங்கும்.

புரொப்பெல்லரைப் பிடித்து இழுப்பது பலருக்குப் பழக்கம். உலோக புரொப்பெல்லரை ஹப்பை ஒட்டிப் பிடித்தால் புரொப்பெல்லருக்கு ஒன்றும் ஆகாது, ஆளுக்குத்தான் ஆபத்து. எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவை விமானத்தின் உலோக உடலோடு இணைக்கும் பி-லீட் கம்பி அறுந்திருந்தால் சுவிட்ச் "ஆஃப்" காட்டினாலும் மேக்னெட்டோ உயிரோடிருக்கும். சூடான எஞ்சினில் அரைச் சுற்று நகர்ந்தாலே ஒரு சிலிண்டர் பற்றலாம். அங்கே கை வைத்தே தீரவேண்டும் என்றால் எரிபொருளை அறுக்கும் மிக்ஸ்சரை இழுத்து எஞ்சினை நிறுத்தியிருக்க வேண்டும், சாவி கையில் இருக்க வேண்டும், உடம்பு சுழல்வட்டத்துக்கு வெளியே இருக்க வேண்டும். நீங்கள் வாலை முதலில் விட்டுப் போவதால் அதைத் தொடவே தேவையில்லை. பிளேடுகள் கிடையாக நின்றால் நல்லது, ஆனால் அதற்காகக் கையால் சுற்றாதீர்கள்.

இனி டெயில்வீல். ஸ்காட் 3200 ஒரு கோணம் வரை ரடரோடு சேர்ந்து திரும்பும், அதைத் தாண்டினால் பூட்டு விலகி முழுச் சுற்று சுற்றும். முன்னோக்கிப் போகும்போது சக்கரம் தன் செங்குத்து அச்சுக்குப் பின்னால் இழுபடும். பின்னோக்கித் தள்ளினால் அது 180 டிகிரி திரும்பத் துடிக்கும். ஸ்பிரிங் பிடித்திருக்கும் வரை அடங்கியிருந்து, பூட்டு விலகும் நொடியில் படக்கென்று திரும்பி வாலை ஒரு அடி பக்கவாட்டில் உதைக்கும். ஆகவே பின்னோக்கி நகர்த்தும் முன்னரே, வாசலுக்கு 20 அடி வெளியே, டோபாரால் (சக்கரத்தில் மாட்டும் இழுதண்டு) சக்கரத்தை 180 டிகிரி திருப்பிவிடுங்கள்.

அதற்கு முன் ரடர் லாக்கைக் கழற்றியிருக்க வேண்டும். ரடர் பூட்டியிருக்கும்போது டோபாரால் திருப்பினால் ஸ்டீயரிங் ஸ்பிரிங்கும் செயினும் முழு விசையையும் வாங்கும். ஸ்பிரிங் கொக்கி விரிந்துபோவது இப்படித்தான். அப்படியே பறந்து இறங்கினால் ஓடுதளத்தில் ஒரு பக்கம் ஸ்டீயரிங் இருக்காது.

டெயில்வீலுக்கென்று செய்த டோபாரையே வாங்குங்கள்: அச்சின் இரு முனையிலும் பொருந்தும் இரண்டு கொக்கி, நாலடித் தண்டு, நுனியில் ஒரு வளையம். சில மாதிரிகளில் தண்டைக் கீழே அழுத்தினால் சக்கரம் ஒரு அங்குலம் எழும், மேட்டைத் தாண்ட அது உதவும்.

வாலைத் தூக்குவதாக இருந்தால்: 170-இல் வால் முனையின் பாரம் நூறு பவுண்டு அளவில் வரும், குளியலறைத் தராசில் டெயில்வீலை நிறுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள். கிடைவாலைப் பிடித்துத் தூக்கவேண்டாம். இன்னொன்று, வால் உயர உயர கைக்குப் பாரம் குறையும். விமானத்தின் எடைமையம் மெயின் அச்சுக்கு மேலே நெருங்கி வருகிறது என்று அதற்கு அர்த்தம். லேசாகிவிட்டதே என்று மேலும் உயர்த்தினால் மூக்கு குத்தும். டெயில்வீல் விமானத்துக்குக் கிடைநிலையில் புரொப்பெல்லர் நுனிக்கும் தரைக்கும் 9 அங்குலம் இடைவெளி வேண்டும் என்பது இந்த விமானம் கட்டின காலத்து அமெரிக்க விதி. பெரும் இடைவெளி இல்லை. தொடை உயரத்துக்கு மேல் தூக்க ஒரு காரணமும் கிடையாது.

---

கப்பியும்கயிறும்:

வின்ச்சா டக்கா என்றால், நிலையான ஹேங்கரில் எப்போதும் ஒரே கோட்டில் போய்வரும் விமானத்துக்கு வின்ச். டக் உங்களை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகும், ஆனால் நேராகப் போவது உங்கள் கைப்பழக்கம். வின்ச்சில் நேராகப் போவது கயிற்றின் வேலை.

12 வோல்ட் ஏடிவி (நாலுசக்கரக் காட்டுவண்டி) வின்ச், 2,000 பவுண்டுக்குக் குறையாதது. நமக்குத் தேவை 110 தானே என்றால், சின்ன மோட்டாரை முக்க வைப்பதைவிடப் பெரியது குளிர்ச்சியாக ஓடும். எஃகுக் கம்பி வேண்டாம், செயற்கை இழைக் கயிறு 50 அடி. கம்பி உதிர்ந்த இழை கையைக் கிழிக்கும், அறுந்தால் திருப்பி அடிக்கும். டிரம்மில் எப்போதும் எட்டு முதல் பத்துச் சுற்று மிச்சம் இருக்க வேண்டும், இழைக் கயிறு அதற்குக் குறைந்தால் வழுக்கும். மின்சாரத்துக்குப் புல்வெட்டும் டிராக்டரின் பேட்டரி போதும், கூடவே எப்போதும் மாட்டியிருக்கும் ஒரு சின்ன சார்ஜர். பேட்டரியிலிருந்து வின்ச்சுக்குப் போகும் கம்பியில் கையால் அறுக்கும் மெயின் சுவிட்ச் கட்டாயம். இந்த வின்ச்களின் ரிலே தொடர்பு சில நேரம் உருகி ஒட்டிக்கொள்ளும். ரிமோட்டில் விரலை எடுத்தாலும் இழுத்துக்கொண்டே இருக்கும்.

ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். மெயின் சக்கரம் உள்ளே கட்டையில் முட்டி நிற்கும், வின்ச் 2,000 பவுண்டில் டெயில்வீலைப் பிடுங்கும். ஆகவே நடுவில் ஒரு பலவீனக் கண்ணி வைக்கவேண்டும். கிளைடர் இழுக்கும் கயிற்றில் வைப்பார்களே, அதே யோசனை. வின்ச் கொக்கிக்கும் டோபார் வளையத்துக்கும் இடையில் 550 பாராகார்ட் (550 பவுண்டு தாங்கும் பாராசூட் கயிறு) ஒற்றை இழை, இரு முனையிலும் முடிச்சு. முடிச்சுப் போட்ட கயிறு தன் பலத்தில் பாதி அளவில் அறும், அதாவது 300 பவுண்டுக்குப் பக்கத்தில். வளையமாகச் சுற்றிக் கட்டினால் இரண்டு இழை சேர்ந்து தாங்கும், கணக்கு கெட்டுவிடும். நிறம் மங்கினால் மாற்றுங்கள், காசு ஒன்றும் பெரிதில்லை. மேட்டில் ஏறும்போது கண்ணி அறுந்தால் விமானம் சரிவில் வெளியே ஓடும் என்பதையும் மறக்கக்கூடாது. மெயினுக்கு முன்னால் முட்டுக்கட்டை ஒன்று கயிற்றால் கட்டி, சக்கரத்துக்கு ஓரடி தள்ளி இழுபட்டு வரும்படி விடலாம். ஓடினால் அதிலேயே முட்டி நிற்கும்.

எங்கே மாட்டுவது? இதில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி மெயின் கியர் கால்கள் இரண்டிலும் பட்டை சுற்றி, வாலின் இரு பக்கமும் கொண்டுவந்து பின்னால் ஒரு வளையத்தில் சேர்ப்பார்கள். மேட்டைக் கரைக்காமல் 600 பவுண்டில் இழுக்க அதுவே சரி, டெயில்வீலின் செங்குத்து அச்சு அத்தனை விசைக்குக் கட்டப்பட்டதில்லை. ஆனால் 170-இல் பிரேக் குழாய் கியர் காலோடு ஒட்டிப் போகிறது, பட்டை அதை நசுக்கும். கயிறும் ஒவ்வொரு பக்கமும் விமானத்தின் நீளத்துக்கு வேண்டும். முதலில் சாய்தளத்தைப் போடுங்கள், அப்புறம் டெயில்வீல் டோபாரிலேயே மாட்டலாம். நான் அந்தக் கட்சி.

டெயில்வீலில் இழுப்பதன் இன்னொரு லாபம்: டெயில்வீல் கோட்டில் போகும், மெயின்கள் தானாக அந்தக் கோட்டுக்கு வந்து சேரும். எவ்வளவு தூரத்தில் என்பதுதான் கேள்வி. டெயில்வீலுக்கும் மெயின் அச்சுக்கும் உள்ள தூரம் 170-இல் இருபது அடிக்குப் பக்கம். அந்த அளவு தூரம் இழுத்தால் மெயின்களின் விலகல் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகக் குறையும். அதாவது மெயின் மையம் கோட்டுக்கு 12 அங்குலம் விலகி ஆரம்பித்தால், இருபதடி கழித்து நாலரை அங்குலம். இன்னொரு இருபதடி கழித்து ஒன்றரைச் சொச்சம். உங்களுக்குக் கதவில் ஒவ்வொரு பக்கமும் 2 அடி 9 அங்குலம் இருக்கிறது. வாசலுக்கு வெளியே நேராக நிறுத்துவதில் ஐந்து நிமிஷம் செலவழித்தால் உள்ளே பார்க்க ஒன்றுமே இருக்காது.

கோடு போடுங்கள். நடுக்கோடு ஒன்று டெயில்வீலுக்கு, வின்ச்சிலிருந்து வாசல் தாண்டி 25 அடி வெளியே வரை. மெயின் டயர்களின் வெளிவிளிம்புக்கு இரண்டு கோடு. வெளிக்கோடுகளே முக்கியம். இறக்கை நுனி தலைக்கு மேலே, அதன் இடைவெளியை நின்ற இடத்திலிருந்து கண் சரியாகச் சொல்லாது. டயர் கோட்டுக்குள் இருந்தால் நுனி கதவுக்குள் இருக்கும். நுனியைப் பார்க்காதீர்கள், டயரைப் பாருங்கள்.

உள்ளே நிற்கவேண்டிய இடத்தில் மெயின்களுக்கு 4×4 கட்டை அல்லது கார் பார்க்கிங்கில் போடும் ரப்பர்த் தடுப்பு. ரடரின் பின்விளிம்புக்கும் சுவருக்கும் குறைந்தது இரண்டடி விட்டு அளந்து வைக்கவும். மேல் உத்தரத்திலிருந்து நூலில் டென்னிஸ் பந்து தொங்கவிடுவதும் வேலை செய்யும். அது எச்சரிக்கும், தடுக்காது.

---

பின்சக்கரம்170:

நன்றி. சாய்தளம் விஷயம் முடிவாகிவிட்டது. வின்ச்சில் ஒரு தடை: தரையில் துளை போட ஏர்போர்ட் நிர்வாகம் அனுமதிக்காது என்று வாடகை ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. பின்சுவர் வெறும் தகரம். எங்கே கட்டுவது? டக்கையும் யாராவது சொல்வீர்களா?

---

கப்பியும்கயிறும்:

தகரச் சுவரும் அதைத் தாங்கும் மெல்லிய குறுக்குச் சட்டமும் வேண்டாம். வளைந்தால் நிர்வாகம் அதற்கும் பில் போடும். வால் பகுதியின் பின்மூலைகளில் எஃகுத் தூண்கள் இருக்கும். அவற்றின் அடியில், தரையை ஒட்டி, ஒவ்வொன்றிலும் அகலப் பட்டை ஒன்றைச் சுற்றி நடுவில் ஒரு வளையத்தில் சேருங்கள், வளையத்தில் வின்ச். இரண்டு பட்டைக்கும் இடையே கோணம் 120 டிகிரி ஆனால் ஒவ்வொரு பட்டையும் முழு இழுவையையும் தாங்கும். அதைவிட விரியவிட்டால் பாரம் வேகமாக ஏறும், எனவே வளையத்தை நன்றாக முன்னால் இழுத்துக் கூர்மையாக வையுங்கள். உங்கள் 110 பவுண்டுக்கு இது விளையாட்டு, தூணுக்குத் தெரியக்கூட தெரியாது. இருந்தாலும் எழுதிக் கேட்டு ஒரு மின்னஞ்சலில் சம்மதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஹேங்கர்களில் தரையிலேயே கட்டு வளையம் புதைத்திருப்பார்கள், எண்ணெய்க் கறைக்கு அடியில் தேடிப் பாருங்கள். அது நடுக்கோட்டில் இல்லாவிட்டாலும் ஒரு கப்பி போட்டுக் கோட்டுக்குக் கொண்டுவரலாம்.

மின்சார வின்ச்சே வேண்டாம் என்றால் படகு டிரெய்லரின் கை வின்ச் ஒன்றும் போதும். குறை ஒன்றுதான்: கைப்பிடி பின்சுவரில் இருக்கும், நீங்கள் அங்கே நின்றால் வால் மட்டுமே தெரியும். ரிமோட் இருந்தால் டயருக்குப் பக்கத்திலேயே நடந்து வரலாம்.

---

வடக்குப்பனி:

நான் எதிர்க்கட்சி. மினசோட்டா. இங்கே குளிர்காலத்தில் தரைக்கு அடியில் நீர் உறைந்து ஆஸ்பால்ட் மேலே எழும்பும், வசந்தத்தில் இறங்கும். அக்டோபரில் ஒரு அங்குலம் இருந்த மேடு ஜனவரியில் அரை அங்குலம் ஆகலாம், எதிர்ப்பக்கம் திரும்பி ஆஸ்பால்ட் உயர்ந்தும் நிற்கலாம். நிரந்தரச் சாய்தளம் பூசினவர்கள் மார்ச்சில் உடைத்தெடுப்பதைப் பார்க்கலாம். கான்கிரீட்காரன் சொன்ன கழற்றும் ரப்பர்த் துண்டுதான் இங்கும் சரி, இரண்டு உயரத்தில் வைத்திருங்கள்.

பனியில் ஒற்றை ஆள் தள்ளுவதன் எல்லை கையில் இல்லை, செருப்பின் அடிப்பாகத்தில் இருக்கிறது. உறைபனியில் ரப்பர் அடி பிடிக்கும் விசை உடல் எடையில் பத்தில் ஒரு பங்குகூட வராது. 170 பவுண்டு ஆள் 17 பவுண்டுதான் தள்ளுவார், பிறகு விழுவார், அதுவும் சக்கரத்துக்கு முன்னாலேயே விழுவார். ஆணி வைத்த காலணி உறை 20 டாலருக்குள் கிடைக்கும்.

டக்குக்கு வருகிறேன். டெயில்வீல் டக் வாங்கும்போது அது தன் மேல் எடையை ஏற்றிக்கொள்கிறதா என்று மட்டும் பாருங்கள். டெயில்வீலைத் தொட்டிலில் தூக்கி வைத்துக்கொள்ளும் வகையில், அந்த நூறு பவுண்டு டக்கின் ஓட்டுச் சக்கரத்தின் மேல் இறங்கும், பிடிப்பு அதிலிருந்துதான் வரும். வெறுமனே கொக்கி போட்டு இழுக்கும் லேசான டக் பனியில் நின்ற இடத்திலேயே சுற்றும். கையடக்க டிரில்லால் ஓடுகிற சின்ன வகைகளும் உண்டு, பைப்பர் ஜே-3 கப் போன்ற லேசான விமானத்துக்குச் சமதளத்தில் போதும், 2 சதவீத மேட்டில் 170-க்கு டிரில் சூடாகிவிடும். நிலைமையைப் பார்த்தால் உங்களுக்கு வின்ச்தான் மலிவு, ஒத்துக்கொள்கிறேன். வெளியே நிறுத்தும் இடம் அடிக்கடி மாறுகிறவர்களுக்கும் வாசல் முன் பனி குவிகிறவர்களுக்கும் டக்.

டக்கில் ஒரு பொறி: தொட்டிலில் இருக்கும்போது டெயில்வீல் தானாகத் திரும்பாது. நீங்கள் டக்கைத் திருப்பினால் ரடரும் சேர்ந்து திரும்பும். ரடர் எல்லையில் முட்டிய பின்னும் திருப்பினால் ரிவெட் சொன்ன அதே ஸ்பிரிங் கதை.

---

மஞ்சள்கப்:

லேசான விமானம் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துப் பயந்துவிட வேண்டாம். ஜே-3 கப் வெறும் எடை 765 பவுண்டு, இறக்கை 35 அடி 3 அங்குலம். சமதளமான வாசலில் இதற்கு வின்ச் எதற்கு? முதுகை வளைக்காமல் டோபாரை இடுப்பளவில் பிடித்துப் பின்னோக்கி நடந்தால் வந்துவிடும்.

கப்பில் கவனிக்க வேண்டியது துணி. விரல் அழுத்தினால் குழாய்களுக்கு இடையில் துணி உள்வாங்கும், பெயின்ட் வட்டமாக வெடிக்கும். உள்ளே குழாயோ நீளக் கட்டையோ இருக்கும் இடத்தை மட்டும் தொடுங்கள். வாலின் மேலும் கீழும் போகும் இழுகம்பிகளைப் பிடித்து இழுக்கவே கூடாது, கிடைவால் நேராக நிற்பது அவற்றால்தான்.

ஆனால் புல்தரை என்றால் கணக்கு தலைகீழ். கட்டையாக வெட்டின காய்ந்த புல்லில் உருள் தடை எடையில் 5 சதவீதம், நீளப் புல்லில் 10, மழைக்குப் பின் மண் இளகினால் அதற்கும் மேல். கப்புக்கே 40 முதல் 80 பவுண்டு. டயர் ஒரே இடத்தில் நின்று பள்ளம் தோண்டியிருந்தால் அதுவும் ஒரு மேடுதான், மேலே போட்ட படிக்கணக்கு அப்படியே பொருந்தும். வாசல் முன் முக்கால் அங்குல பிளைவுட் இரண்டு பலகை சக்கரத் தடத்தில் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். அலாஸ்கா பாணியில் 26, 31 அங்குல டயர் போட்டவர்களுக்கு வாசல் மேடு தெரியவே தெரியாது, சக்கரம் பெரிது. ஆனால் காற்றழுத்தம் மிகக் குறைவு என்பதால் கெட்டித் தரையில் இழுக்கும்போது தொப்பென்று உட்காரும்.

காற்று: மணிக்கு 15 கடல்மைலுக்கு மேல் குறுக்குக் காற்று அடித்தால் நகர்த்தும் நடுவில் வால் செங்குத்துப் பரப்பில் வாங்கி விமானம் காற்றை நோக்கித் திரும்பும். ஒற்றை ஆளால் பிடிக்க முடியாது. பிரேக் போட்டு, முட்டுக்கட்டை வைத்து, காத்திருப்பதுதான்.

---

பின்சக்கரம்170:

கடைசியாக ஒன்று: வெளியே எடுக்கும்போது? சரிவு வெளிப்பக்கம் என்பதால் சாய்தளத்தில் இறங்கியதும் ஓடிவிடுமோ என்று யோசனை.

---

ரிவெட்:

ஓடும். 4 சதவீதச் சாய்தளத்தில் 1,400 பவுண்டுக்கு 56 பவுண்டு கீழ்நோக்கி இழுக்கும், உருள் தடை அதில் பாதியைத்தான் தின்னும். சாய்தளம் முடிந்த பின் 2 சதவீதத்தில் ஏறக்குறைய சமநிலை, கிடைத்த வேகம் தொடரும். ஆகவே வின்ச்சைக் கழற்றாமலே கயிற்றை மெதுவாக விட்டுக்கொண்டே வெளியே கொண்டுவாருங்கள். டிரம்மைச் சும்மா சுழலவிடும் ஃப்ரீஸ்பூல் நெம்புகோலைத் தொடாதீர்கள், அதில் பிரேக் இல்லை, மோட்டாரால் விடவேண்டும். அந்த பாராகார்ட் கண்ணி இதற்கும் தாங்கும்.

பார்க்கிங் பிரேக்கை நம்பி நடுவில் நிறுத்தவேண்டாம். 170-இல் அது மாஸ்டர் சிலிண்டரில் அடைத்து வைத்த அழுத்தம் மட்டும், சூடோ குளிரோ பட்டால் மாறும்.

மெயின் சக்கரம் வெளிக்கோட்டின் முனையைத் தாண்டியதும் முட்டுக்கட்டை வைத்து, கயிற்றைத் தளர்த்தி, டோபாரைக் கழற்றி உள்ளே அதற்கென்று அடித்த ஆணியில் மாட்டுங்கள். ஆணி காலியாக இருந்தால் டோபார் இன்னும் வாலில் தொங்குகிறது என்று அர்த்தம். பிறகு விமானத்தை ஓரடி முன்னால் தள்ளுங்கள், டெயில்வீல் 180 திரும்பி ஸ்டீயரிங்கில் பூட்டிக்கொள்ள வேண்டும். ரடரைக் கையால் இடம் வலம் ஆட்டிப் பாருங்கள். சக்கரம் கூடவே திரும்பாவிட்டால் பூட்டு விழவில்லை, விமானத்தைத் தரையில் ஓட்டிச் செல்லும் முன் அதைச் சரி செய்யவேண்டும். ஸ்பிரிங் கொக்கி இரண்டையும் விரலால் தொட்டுப் பார்ப்பதும் அந்த நேரத்திலேயே.